பந்தலும் கட்டடமே: தெல்லிப்பழையை முன்வைத்து ஒரு மறுப்பு

யாழ்ப்பாணத்துக் கட்டடக்கலையைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளிலும் விழா மலர்களிலும் கோயிற் கோபுரமும், நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு புறமும் அறைகளும் தாழ்வாரமும் கொண்ட நாற்சார் வீடும், பருத்தித்துறைத் தெருமூடிமடமும், ஒல்லாந்தர் விரிவாக்கிய கோட்டையும் தவறாமல் இடம்பெறுகின்றன. கல்யாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் திருவிழாவுக்கும் எழுப்பப்பட்டு, காரியம் முடிந்ததும் அவிழ்க்கப்படும் பந்தலும் கொட்டகையும் தண்ணீர்ப் பந்தலும், சுவாமி ஊர்வலத்துக்குக் கட்டும் கட்டுச் சப்பறமும் அவற்றில் இடம்பெறுவது அரிது. இடம்பெற்றாலும் சோடனையைப் பற்றிய பகுதியில், வாழைமரத்துக்கும் தோரணத்துக்கும் இடையே ஒரு வரியாக வந்து போய்விடும். இந்த மௌனத்துக்குப் பின்னால் ஒரு கருத்து உறுதியாக நிற்கிறது. நிலைத்து நிற்பதே கட்டடம், பந்தல் சில நாள் மறைப்பு மட்டுமே என்பது அதன் முதற்படி. பந்தலின் வடிவம் அயலிலுள்ள சாதாரண வீட்டின் விறாந்தையையும் கொட்டிலையும் பார்த்துச் செய்த நகல் என்பது அடுத்தது. கிடுகும் தடியும் தகரமும் வறுமையையும் அகதி முகாமையும் நினைவூட்டுவதால் அவற்றைக் கலை என்று போற்றுவது துன்பப்பட்டவர்களை அவமதிப்பதாகும் என்பது மூன்றாவது. ஊர்ப் பேச்சிலும் படித்தோர் உரையாடலிலும் பரவலாக நிலவும் இக்கருத்து பிழையானது. தெல்லிப்பழையை வைத்துப் பார்த்தால் அந்தப் பிழை தெளிவாகத் தெரியும்.

தெல்லிப்பழை, யாழ்ப்பாண நகருக்கு வடக்கே காங்கேசன்துறை வீதியில் அமைந்தது. நகரமாக மாறிவிடாத, வெறும் கிராமம் என்றும் சொல்லிவிட முடியாத ஊர். 1816இல் அமெரிக்க மிஷன் இங்கே தொடங்கிய கல்விப் பணியின் வழிவந்த யூனியன் கல்லூரியும், ஆதார வைத்தியசாலையும், துர்க்காதேவி தேவஸ்தானமும் இருக்க, அவற்றைச் சூழ்ந்து வளவுகளும் செம்பாட்டுத் தோட்டங்களும் விரிகின்றன. வளவு என்பது வேலியோ மதிலோ சூழ்ந்த குடியிருப்பு நிலம். அதனுள் முன்புறம் விறாந்தை வைத்த வீடும், பின்புறம் தனியாகக் குசினியும், ஒரு பக்கத்தில் விறகுக்கோ மாட்டுக்கோ போட்ட கொட்டிலும் இருக்கும். பழைய வளவுகளில் பக்கச் சுவர் இல்லாத, வந்தவர் இருந்து பேசுவதற்கான மால் என்ற கொட்டகையும், கூரை வேய்ந்து வழிப்போக்கர் ஒதுங்கி நிற்க இடம்விட்ட சங்கடப்படலை என்ற வாயிலும் இருந்தன. கட்டடக் கலைஞர் என்று பெயர்பெற்ற எவரும் வரைந்து தராத இந்தச் சாதாரண உறுப்புகளிலிருந்துதான் இவ்வூரின் பந்தல் பிறக்கிறது.

கல்யாண வீட்டுப் பந்தல் ஒன்று கட்டப்படும் முறையை அருகிலிருந்து கவனித்தால், அது மறைப்பு என்ற எண்ணம் நிலைக்காது. தெல்லிப்பழைப் பக்கத்தில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல் கிடப்பதால், கால் நடுவதற்கு அலவாங்கால் குழி தோண்டும்போதே எங்கே மண் ஆழமாக இருக்கிறது, எங்கே கல் தட்டுகிறது என்பதைப் பார்த்து, அதற்கேற்பக் கால்களின் இடைவெளி மாற்றப்படுகிறது. கால்களாக வருபவை பெரும்பாலும் கமுகும், வேலியில் வளர்ந்த பூவரசும். காலின் தலையில் விடப்பட்ட கவரில் வளை என்ற நீண்ட கிடைமரம் படுக்கும். அதன்மேல் சிலாகைகள் பரவும். எல்லாவற்றையும் தும்புக் கயிறோ பனைநாரோ பிணைக்கும். பிரிக்கும்போது மரம் பிளந்துவிடாமல் அடுத்த பந்தலுக்கும் உதவ வேண்டும் என்பதால் ஆணி அடிப்பது தவிர்க்கப்பட்டது. தென்னோலையை நடுவே பிளந்து ஊறவைத்துப் பின்னிய கிடுகு, தாழ்ந்த விளிம்பில் தொடங்கி மேல்நோக்கி, ஒன்றின் தலையை மற்றது மூடும்படி வரிசையாகக் கட்டப்படும். மிகக் கவனமான வேலை, பந்தல் வீட்டோடு சேரும் இடத்தில் நடக்கிறது: வீட்டின் தாழ்வாரத்திலிருந்து வடியும் நீரும் பந்தற் கூரையின் நீரும் ஒரே கோட்டில் விழுவதால், அங்கே ஒரு தகரப் பீலி வைத்து நீரைப் பக்கவாட்டில் கொண்டுபோகாவிட்டால் சபை முழுவதும் நனைந்துவிடும். அந்தப் பீலிக்கு எவ்வளவு சரிவு தேவை என்பதை அளவுகோல் இல்லாமல் கண்ணால் மதிப்பிடுபவர், கட்டடப் பொறியியலின் ஒரு கேள்விக்கு விடை சொல்கிறார்.

இவ்வாறு எழும் பந்தல் வீட்டை நகலெடுக்கிறது என்பது மேலோட்டமான பார்வை. விறாந்தை ஒரு குடும்பத்துக்கும் அதைத் தேடிவரும் நாலைந்து பேருக்கும் அளவானது. பந்தல் அதே விறாந்தையை முற்றம் முழுவதற்கும் நீட்டி, ஊரே வந்து இருக்கும் இடமாக்குகிறது. நாளாந்த வாழ்க்கையில் வீட்டுக்குள் யார் எவ்வளவு தூரம் வரலாம் என்பதற்கு விறாந்தையும் தலைவாசலும் எழுதாத எல்லைகள். பந்தல் நிற்கும் நாள்களில் அந்த எல்லைகள் இடம்மாறுகின்றன. சமையல் குசினியைவிட்டு வளவின் பின்புறக் கொட்டகைக்குப் போகிறது. மணவறை வீட்டின் எந்த அறையிலும் இல்லாமல் முற்றத்தில், பந்தற் கூரையின் கீழே அமைகிறது. காங்கேசன்துறை வீதியோரம் திருவிழாக் காலத்தில் எழும் தண்ணீர்ப் பந்தலும் இப்படித்தான் சங்கடப்படலையின் கருத்தை எடுத்துக்கொண்டு, ஒரு வீட்டின் வாயிலில் கிடைத்த நிழலையும் தண்ணீரையும் தெரு முழுவதற்கும் உரியதாக்குகிறது. தெரிந்த வடிவத்தை எடுத்து அதன் அளவையும் பயனையும் உறவுகளையும் மாற்றியமைப்பதற்குப் படைப்பு என்ற பெயரைத் தவிர வேறு பெயர் பொருந்தாது. கருங்கல்லில் செதுக்கிய கொடுங்கைகளும் மரச்சட்டம் போன்ற உறுப்புகளும் மரத்தாலும் ஓலையாலுமான முந்திய கட்டடங்களை நினைவூட்டுவதாகக் கோயிற் கலை வரலாறு கூறும்போது அதை வளர்ச்சி என்று ஏற்றுக்கொள்வோர், பந்தல் வீட்டிலிருந்து எடுப்பதை மட்டும் நகல் என்று தள்ளுவதற்கு நியாயம் இல்லை.

சாதாரண வீடும் கடைத்தெருவும் கட்டடக்கலைக்குப் பாடம் சொல்லக்கூடியவை என்ற எண்ணம் உலகில் புதிதும் அன்று. அமெரிக்கக் கட்டடக் கலைஞர்களான றொபேட் வென்சூரியும் டெனிஸ் ஸ்கொட் பிறவுணும் ஸ்டீவன் ஐசனூருடன் சேர்ந்து 1972இல் வெளியிட்ட நூல், லாஸ் வேகாஸின் வீதியோரக் கட்டடங்களை உயர்கலைக்குத் தரும் அதே கவனத்துடன் ஆராய்ந்தது. 1976இல் வாஷிங்டனில் அவர்களது குழு அமைத்த கண்காட்சி புறநகர் வீட்டின் முன்தோட்டத்தையும் வரவேற்பறையையும் காட்சிப்பொருளாக்கியது. கொல்கத்தாவில் துர்க்கா பூசைக்காக ஆண்டுதோறும் மூங்கிலும் துணியும் கொண்டு எழுப்பப்படும் பந்தல்கள், அரண்மனையையும் கோயிலையும் போலவே சாதாரணத் தெரு வீட்டையும் குடிசையையும் வடிவமாக எடுத்துக்கொள்கின்றன. சில நாள்களில் அவிழ்க்கப்படும் அப்பந்தல்களைத் தன்னுள் கொண்ட அந்த விழாவை யுனெஸ்கோ 2021இல் மனிதகுலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வெளியார் ஒப்புக்கொண்டதால்தான் நமது பந்தலுக்கு மதிப்பு வந்துவிடுகிறது என்பது இதன் பொருளாகாது. பந்தலைக் கட்டடக்கலைக்கு வெளியே நிறுத்துவோர் தமக்குத் துணையாக அழைக்கும் நவீன உலகமே அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன என்பதே கவனிக்கத்தக்கது.

நிலைத்து நிற்றல் என்ற அளவுகோலை எடுத்துக்கொண்டால், அதை மற்ற எந்த ஊரில் வைத்துப் பேசினாலும் தெல்லிப்பழையில் வைத்துப் பேசுவது கடினம். நிரந்தரத்தின் பொருளாகிய சீமெந்தே இவ்வூருக்கு அயலில்தான் உற்பத்தியானது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் நிறுவப்பட்டு, இப்பகுதியின் சுண்ணாம்புக் கல்லை அரைத்து இலங்கை முழுவதற்கும் அனுப்பியது. கல்வீடு கட்டுவது வாழ்க்கையின் முடிந்த முடிவு என்ற எண்ணம் இங்கே வேரூன்றியதில் வியப்பில்லை. 1990 ஜூனில் தெல்லிப்பழையை உள்ளடக்கிய வலிகாமம் வடக்கு மக்கள் போரினால் வெளியேறினர், தொழிற்சாலை நின்றது, தெல்லிப்பழையின் வடபகுதியும் அதற்கப்பாலுள்ள ஊர்களும் உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் இராணுவத்தின் வசமாயின. போர் முடிந்த பின் நிலம் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, பலர் தம் வளவில் கண்டது கூரையும் கதவும் யன்னலும் இல்லாத சுவர்களை. இன்னும் பலர் அத்திவாரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எல்லை காட்டும் அடையாளமாகக் கிணறு மட்டும் எஞ்சிய காணிகளும் உண்டு. தலைமுறைகளுக்கு நிற்கும் என்று கட்டியவை இருபது ஆண்டுகளில் மறைந்தன. ஆனால் மீண்டு வந்தவர்கள் கால் நட்டு, வளை போட்டு, தகரமோ கிடுகோ தறப்பாளோ கட்டி முதல் இரவைக் கழிக்கக்கூடிய கொட்டிலை எழுப்பினார்கள். வீடு அழிந்த இடத்தில் வீடு கட்டும் அறிவு அழியாமல் இருந்தது. அது தங்கியிருந்தது சுவரில் இல்லை, கட்டத் தெரிந்த கைகளில்.

கட்டடத்தின் ஆயுளை அதன் பொருளின் ஆயுளாக மட்டும் எண்ணுவது குறுகிய கணக்கு என்பதை யப்பானின் இசே ஆலயம் நெடுங்காலமாகக் காட்டி வருகிறது. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய கட்டடத்தைக் கழற்றிவிட்டு அருகிலுள்ள வெற்றிடத்தில் அதே வடிவில் புதிதாகக் கட்டுவது அதன் மரபு. 2013இல் அவ்வாறு கட்டியது 62ஆவது தடவை. அங்கே பேணப்படுவது மரத்துண்டைவிட, அதை அறுத்துப் பொருத்தும் தொழிலறிவு. அதே நாட்டில் 1995இன் கோபே நிலநடுக்கத்துக்குப் பின் ஷிகெரு பான் காகிதக் குழாய்களால் எழுப்பிய தற்காலிகத் தேவாலயம் பத்து ஆண்டுகள் பயன்பட்டு, பின் கழற்றப்பட்டுத் தாய்வானுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே மீண்டும் நிறுவப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கூரையும் வேலியும் ஒருவகையில் இதைவிட நுட்பமான சுழற்சியைக் கொண்டிருந்தன. ஓலைக்கூரை ஓரிரு ஆண்டுக்கொருமுறை வேயப்பட்டது. கழித்த பழைய ஓலையும் கிடுகும் குப்பைக்குப் போகாமல், தோட்டத்துச் செம்மண்ணில் தாழ்க்கப்பட்டு எருவாயின. வீட்டின் மேல் ஓராண்டு மழையைத் தாங்கிய பொருள் அடுத்த ஆண்டு வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உரமானது. எவ்வளவு காலம் நிற்க வேண்டும், நின்ற பின் எங்கே போக வேண்டும் என்ற இரண்டையும் கட்டும்போதே முடிவுசெய்த முறை இது. இடித்த கொங்கிறீற்றைக் கொட்ட இடம் தேடும் காலத்தில் இதைப் பின்தங்கிய வழக்கம் என்று சொல்வது அறியாமை.

மூன்றாவது ஆட்சேபம் மற்ற இரண்டையும்விடக் கனமானது. அதற்கு விடை சொல்லாமல் பந்தலின் அழகைப் பேசுவது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்தில் கல்வீட்டுக்கும் மண்வீட்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு வெறும் விருப்பத்தின் வேறுபாடாக இருந்ததில்லை. காணியும் பணமும் மறுக்கப்பட்டவர்களுக்கு ஓலைக்கூரை மட்டுமே வாய்த்தது. ஓலை தீப்பிடித்ததும் மழையில் ஒழுகியதும் அவர்களுக்கே தெரிந்த துன்பம். பந்தல் வேலையிலும் சாதி இருந்தது: பந்தற் கூரையின் உட்புறத்தை வெண்துணியால் மூடும் வெள்ளை கட்டுதல் என்ற அழகிய வேலை, சலவைத் தொழிலாளர் குடும்பங்கள்மீது சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. இவற்றுக்கு மேலாக, இடம்பெயர்ந்தோர் முகாம்களின் நினைவு இருக்கிறது. மல்லாகம் கோணப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முதலிய நலன்புரி முகாம்களில் வலிகாமம் வடக்கு மக்களில் ஒரு பகுதியினர் கால் நூற்றாண்டையும் தாண்டிக் கொட்டில்களில் வாழ்ந்தனர். அங்கே பிறந்த பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து பிள்ளை பெற்றனர். அவர்களிடம் சென்று கிடுகின் அழகியலை விளக்குவது குரூரம் என்று ஒருவர் சொன்னால், அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் அந்தக் கோபம் சுட்டவேண்டிய இடம் வேறு. கல்யாணப் பந்தலும் முகாம் கொட்டிலும் ஒரே பொருளால், ஏறத்தாழ ஒரே முறையில் கட்டப்படுகின்றன. அவற்றைப் பிரிப்பது, அவிழ்க்கும் நாளைத் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே. பந்தலைக் கட்டிய குடும்பத்துக்கு அது என்று அவிழும் என்பது முதற்காலாகிய கன்னிக்கால் நடும் நாளிலேயே தெரியும். அவிழ்த்த பின் திரும்பிப் போக அதற்கொரு வீடும் உண்டு. முகாம் கொட்டிலின் முடிவு நாள் அதில் வாழ்ந்தவர் கையில் இல்லாமல், அவரது காணியில் முட்கம்பி போட்டவர் கையில் இருந்தது. எத்தனை ஆண்டு நின்றாலும் அதைத் தற்காலிகம் என்றே நிர்வாகம் அழைத்தது; அப்படி அழைத்ததனால் நல்ல நீரும் மலசலகூடமும் மின்சாரமும் பின்னர் தரலாம் என்று தள்ளிவைக்கவும் முடிந்தது. அநீதி அந்தத் தள்ளிவைப்பிலும் நில மறுப்பிலும் இருந்தது. கொட்டிலைக் கட்டிய கைகளின் திறமையை அந்த அநீதியின் கணக்கில் எழுதி, இரண்டையும் ஒருசேர வெட்கத்துக்குரியதாக்குவது, இழந்தவரிடமிருந்து எஞ்சியதையும் பறிப்பதாகும். நெருக்கடியான முகாம்களிலும் மக்கள் கொட்டிலின் முன்னால் ஒரு தாழ்வாரம் இறக்கினார்கள். அடுப்பைப் படுக்கும் இடத்திலிருந்து பிரித்துத் தட்டி கட்டினார்கள். சிறு துண்டு நிலத்துக்கும் வேலி அடைத்துப் படலை வைத்தார்கள். தெல்லிப்பழை வளவின் விறாந்தையும் குசினியும் வேலியும் அங்கே சுருங்கிய அளவில் மீண்டும் தோன்றின. அதைக் கட்டடக்கலை என்று ஏற்க மறுப்பவர், அந்த மக்கள் செய்ததில் சிந்தனையே இல்லை என்று சொல்பவராகிறார்.

நிரந்தரம் என்ற பெயர் மட்டும் மதிப்பைத் தந்துவிடாது என்பதை உருக்கு வீட்டுத் திட்டம் காட்டியது. வடக்கிலும் கிழக்கிலும் போரால் வீடிழந்தோருக்கு, தொழிற்சாலையில் செய்த உருக்குப் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தும் 65,000 வீடுகளை அமைக்கும் யோசனையை அரசு 2015ஐ அடுத்த ஆண்டுகளில் முன்வைத்தது. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய் செலவாகும் என்று கூறப்பட்டது. இந்திய அரசின் வீடமைப்புத் திட்டத்திலோ வீட்டுக்கு 550,000 ரூபாய் வழங்கி, உரிமையாளரே முன்னின்று கட்டிக்கொள்ள வழி செய்யப்பட்டிருந்தது. உருக்கு வீட்டுக்கு எழுந்த எதிர்ப்பில் விலையோடு வேறு குறைகளும் பேசப்பட்டன: விறகடுப்புக்கு இடமில்லை, காற்றோட்டம் போதாது, குடும்பம் பெருகினால் ஓர் அறை சேர்த்துக் கட்ட முடியாது, பழுதானால் உள்ளூர்க் கொத்தனாரோ தச்சரோ திருத்த இயலாது. அந்தத் திட்டம் அறிவிக்கப்பட்ட அளவில் நிறைவேறவில்லை. அரசு நிரந்தரம் என்று சொன்ன அந்த வீட்டில் இல்லாமற்போனது, கொட்டிலிலும் பந்தலிலும் இயல்பாக இருக்கும் குணங்கள்தான்: புகை போகும் வழி, காற்று வரும் இடைவெளி, இன்னொரு காலை நட்டு நீட்டிக்கொள்ளும் வசதி, ஊர்க்கையால் திருத்தும் எளிமை.

இதிலிருந்து எல்லாரும் ஓலைவீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று எவரும் முடிவுகட்ட வேண்டியதில்லை. வீடிழந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் உறுதியான கல்வீடு கிடைக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. கிடுகு பின்னுவோர் குறைந்து, வாடகைக்கு வரும் இரும்புக் குழாய்ப் பந்தலும் திருமண மண்டபமும் பெருகியதற்கு நேரமின்மையும் கூலியும் உண்மையான காரணங்கள். சாதிக் கடமையாகச் செய்யப்பட்ட வேலைகள் கூலிக்குரிய தொழிலாக மாறியதும் வரவேற்க வேண்டியது. இரும்புக் குழாய்ப் பந்தலிலும் தாழ்வாரத்தோடு சேரும் இடத்தில் பீலி வைக்கத் தெரிந்தவரே நல்ல பந்தல்காரர் என்பதால், பழைய அறிவு புதிய பொருளுக்கு மாறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆபத்து பொருள் மாறுவதில் இல்லை. எழுத்தில் ஏறாத அறிவு, அதைக் கையில் வைத்திருப்பவர் ஓய்ந்ததும் சுவடில்லாமல் போய்விடும் என்பதே ஆபத்து. கல்லில் கட்டியதற்கு மட்டும் வரைபடமும் வரலாறும் எழுதும் வழக்கம் அந்த இழப்பை விரைவுபடுத்துகிறது.

எனவே பிரதேசக் கலாசாரப் பேரவைகளும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையும், வரைதல் படிக்கும் மாணவரும் செய்யவேண்டிய வேலை தெளிவானது. அடுத்த ஆவணியில் துர்க்கை அம்மன் மகோற்சவத்துக்கு எழும் தண்ணீர்ப் பந்தல்களையும், வளவுகளில் இன்னும் கட்டப்படும் கல்யாணப் பந்தல்களையும், கட்டுச் சப்பறம் எஞ்சியுள்ள கோயில்களில் அதன் மரச்சட்டத்தையும் நாடாவால் அளந்து, முடிச்சு முடிச்சாக வரைந்து, கட்டியவரிடம் கேட்டெழுதி, நாற்சார் வீட்டின் வரைபடம் அச்சாகும் அதே நூலில் கட்டியவர்களின் பெயரோடு அச்சிட வேண்டும்.